கடைக்காரருக்கு ஏற்ற தற்காப்பு: தடுக்கும் கையும் தாங்கும் உடலும்



இரவு பத்து மணிக்கு முன்விளக்கை அணைத்துவிட்டு, வசூல் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஷட்டரை இழுக்கக் குனிகிறோமே, அந்த அரை நிமிடத்தைப் பற்றி நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? முதுகு தெருவுக்கு, இரண்டு கையும் ஷட்டரில், தலை தாழ்ந்து கிடக்கிறது. எனக்கு அந்த அரை நிமிடத்தில்தான் நேர்ந்தது. பின்னாலிருந்து வந்தவன் பையைப் பிடித்து இழுத்தான். நான் விடவில்லை. அவன் கையிலிருந்த கட்டையை ஓங்கியதைப் பார்த்து என் கை தானாக மேலே போனது. போன விதம் சரியில்லை. அடி முன்கையில் நேர்க்குறுக்காக இறங்கி, எலும்பு விரிசல் கண்டு, ஆறு வாரம் மாவுக்கட்டோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். பையில் இருந்ததோ அன்றைய சில்லறையும் இரண்டு கடன் சிட்டையும்தான்!

சுண்டுவிரல் பக்கத்து முன்கை எலும்பு இப்படி முறிவதற்கு எலும்பு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. வெளிநாட்டுக் காவலர்கள் இரவு ரோந்தில் வைத்திருந்த தடியின் பெயரை வைத்தே அதை அழைக்கிறார்கள். தலையைக் காக்கக் கையைத் தூக்குபவருக்கு வருகிற முறிவு அது. ஆகவே கையைத் தூக்குவது யாரும் கற்றுக்கொடுக்காமலே வந்துவிடுகிறது. எப்படித் தூக்குவது என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது. கட்டுப் பிரித்தபின், நாற்பத்து மூன்று வயதில், பள்ளிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று கராத்தே கற்கத் தொடங்கினேன். அதில் நம்மைப் போன்றோருக்குப் பயன்படுவதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கராத்தே என்றவுடன் ஓடு உடைப்பதும் எகிறி உதைப்பதும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அதன் பிறப்பிடம் ஒக்கினாவா தீவு. 1879-இல் ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொள்ளும்வரை அது ரியூக்யூ என்ற தனி அரசு. சீனம், சயாம், மலாக்கா என்று கப்பல் விட்டு வாணிபம் செய்து பிழைத்த நாடு. அரசர் இருந்த ஊர் ஷூரி. சரக்கு இறங்கிய துறைமுகம் நாஹா. நாஹாவில் வளர்ந்த கராத்தே வழியைப் பாருங்கள். அதன் முதல் ஆசான் ஹிகாவொன்னா கான்ரியோ, படகில் விறகு ஏற்றி விற்ற குடும்பத்துப் பிள்ளை. அவருடைய மாணவர் மியாகி சோஜுன் (1888-1953), மருந்துச் சரக்கு வியாபாரம் செய்த வசதியான வீட்டுப் பிள்ளை. கோஜு-ரியூ என்ற பிரிவை நிறுவியவர். அவருக்கு நண்பராக இருந்து சீனத்துக் கொக்குப் பாணியைக் காட்டிய கோ கென்கி, நாஹாவில் தேயிலைக் கடை வைத்திருந்தவர். விறகு, மருந்து, தேயிலை! இந்தக் கலை நம்மவர்களுக்கு அந்நியமானதல்ல என்று நான் சொல்வதில் மிகையில்லை.

இதோস్ু ஆங்கோ என்ற மூத்த ஆசான் 1908-இல் கல்வித்துறைக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதம் ஒன்று உண்டு. முரடன் கையில் எதிர்பாராமல் சிக்கும்போது காயமின்றித் தப்புவதுதான் இதன் பயன் என்ற கருத்தில் அவர் அதில் எழுதினார். மேடையில் பதக்கம் வாங்குவது பிறகு வந்த சங்கதி.

இனிப் பாடத்துக்கு வருவோம். கராத்தேயில் தடுப்பை 'உகே' என்கிறார்கள். ஜப்பானிய மொழியில் அச்சொல்லுக்கு 'வாங்கிக்கொள்ளுதல்' என்று பொருள். லாரியிலிருந்து சரியும் மூட்டையை நம் லோடுமேன் எப்படி வாங்குகிறார்? விறைத்து நின்று முட்டுக் கொடுப்பதில்லை. முழங்காலை மடக்கி, மூட்டை வரும் போக்கிலேயே சற்றுப் போய், தோளில் சாய்த்துக்கொள்கிறார். அடியையும் அப்படித்தான் வாங்க வேண்டும். எனக்கு இது புரிவதற்கே மூன்று மாதம் ஆயிற்று.

தலைக்கு வரும் அடிக்கு 'அகே உகே' என்ற மேல்தடுப்பு. முன்கையை நெற்றிக்கு மேலே, நெற்றியிலிருந்து ஒரு முட்டி இடைவெளி விட்டு, சாய்வாக நிறுத்துகிறோம். முட்டி உயர்ந்தும் முழங்கை தாழ்ந்தும் இருக்க வேண்டும். ஓட்டுக்கூரையில் மழை வழிவது போல அடி கையின் மேல் சறுக்கிப் போய்விடும். கை கிடைமட்டமாக இருந்தால் அது கூரை இல்லை, மொட்டைமாடி. முழுப் பாரமும் எலும்பில்தான் விழும். என் கை அன்று அப்படித்தான் இருந்தது.

பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. பயிற்சியில் ஒரு கை மேலே போகும்போது மற்றொரு கை இடுப்புக்கு வருகிறது. அது அழகுக்கு அல்ல. இடுப்புக்கு வரப்போகும் கைதான் முதலில் மேலே சென்று எதிரியின் கையைத் தொட்டுத் திருப்புகிறது. உடனே அதைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. மேலே எழும் இரண்டாவது முன்கை அவன் தாடையிலோ கழுத்திலோ போய் இடிக்கிறது. ஒரு கையால் மட்டும் தடுத்துவிட்டு நிற்பவருக்கு அடுத்த நொடியே இரண்டாவது அடி விழும். தெருவில் எவனும் ஒரே அடியோடு நிறுத்துவதில்லை.

காலும் கூடவே நகர வேண்டும். கட்டையின் நுனிக்குத்தான் வேகம் அதிகம். பிடிக்கு அருகே வேகம் குறைவு. ஆகவே ஓட இடமிருந்தால் ஓடுவது. ஓட இடமில்லை என்றால் பின்வாங்காமல் குறுக்குவாக்கில் ஒரு அடி உள்ளே போய்விடுவது. அரைகுறை தூரத்தில் நிற்பதுதான் ஆபத்து.

அடுத்தது 'கெதான் பராய்' என்ற கீழ்த்தடுப்பு. கையை மறுதோளுக்குக் கொண்டுபோய்க் கீழே சாய்வாக வீசுவது. புத்தகங்களில் இதை உதைக்குத் தடுப்பு என்று போட்டிருப்பார்கள். முழு உதையை முன்கையால் அடித்துத் தடுத்தால் கைக்குத்தான் சேதம். நமக்கு இது பயன்படும் இடம் வேறு: மணிக்கட்டைப் பிடித்தால் விடுவித்துக்கொள்ள. பிடித்தவனின் நான்கு விரலும் ஒரு பக்கம், கட்டைவிரல் ஒரு பக்கம். கட்டைவிரலுக்கும் விரல்நுனிகளுக்கும் இடையிலுள்ள வாசலை நோக்கி நம் மணிக்கட்டைத் திருப்பி இடுப்புக்கு இழுக்கும்போதே, மறுகை அவன் முன்கையில் சாய்வாக இறங்க வேண்டும். கவுன்டருக்கு அப்பாலிருந்து சட்டையைப் பிடித்தாலும் இதே வேலைதான். அவன் கையை நம் நெஞ்சோடு சேர்த்து ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மறு முன்கையை அவன் முழங்கை மடிப்பின்மேல் வைத்து உடல் எடையை இறக்கினால் அவன் தலை கவுன்டருக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள், அடிக்க வேண்டாம்.

இவற்றைக் கடையில் வேலை செய்யும் தம்பியோடு, காலையில் சாம்பிராணி போடுவதற்கு முன் பத்து நிமிடம் பழகலாம். செய்தித்தாளைச் சுருட்டிக் கட்டையாக வைத்துக்கொண்டு அவர் மெதுவாக ஓங்கட்டும். வலம் இருபது, இடம் இருபது. வேகம் பிறகு தானாக வரும்.

இனி உடலைப் பக்குவப்படுத்துவது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று முன்கைகளை மாறி மாறி மோதிக்கொள்ளும் பயிற்சியை 'கோதே கிதாயே' என்கிறார்கள். முன்கையின் வெளிப்பக்கம், உட்பக்கம், கீழ்ப்பக்கம் என்று மூன்று நிலை. இதில் பலரும் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இலேயே நூலாக எழுதினார். ஆனால் அந்த வேலை மாதக்கணக்கில் நடக்கிறது, வாரக்கணக்கில் அல்ல. கதவைத் தட்டுமளவு பலத்தில் இரண்டு நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள், இதற்கு மேல் முதல் ஆறு மாதம் தேவையில்லை. கன்றிப்போன இடத்தில் கன்றல் மறையும்வரை மோதக்கூடாது. தூணிலும் சுவரிலும் கையை மோதுவது மூடத்தனம். ஒக்கினாவாவில் குத்திப் பழகும் 'மக்கிவாரா' பலகைகூட, மேலே மெலிந்து, குத்தினால் வளைந்து கொடுப்பது.

நம் தொழிலில் உட்கார்ந்தே இருப்பதால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பலருக்கு உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும், சிலருக்கு உணர்ச்சியும் மங்கியிருக்கும்; அவர்கள் கைமோதலை விட்டுவிடுவது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அப்படியே. 'சான்சின்' என்று உடலை இறுக்கி மூச்சை அழுத்தி விடும் பயிற்சி நாஹா வழியில் முதன்மையானது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை இறுக்கமில்லாமல், மூச்சை அடக்காமல் செய்யலாம். மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

பிடிபலத்துக்கு மட்டும் நம் கடையே போதும். 'நிகிரி கமே' என்று ஜாடியின் வாய்விளிம்பை விரல்நுனியால் பற்றித் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். ஊறுகாய் ஜாடி போதாதா? முதலில் வெறும் ஜாடி. பிறகு மாதத்துக்கு ஒரு படி மணல். 'சி இஷி' என்பது கம்பின் ஒரு முனையில் கல் பதித்தது. ஒரு கிலோ நெய் டப்பாவில் சிமென்ட் ஊற்றி, நடுவே கம்பை நட்டு, ஒரு வாரம் காயவிட்டால் செலவில்லாமல் கிடைத்துவிடும். மின்னணுத் தராசு வந்தபின் மூலையில் தூங்கும் ஐந்து கிலோ எடைக்கல்லையும் பிடித்துத் தூக்கிப் பழகலாம். முத்திரை போட வேண்டிய கவலை இனி அதற்கு இல்லை.

கத்தி வந்தால் மேலே சொன்ன எதுவும் முதல் வழி அல்ல. பையை ஒரு பக்கம் வீசிவிட்டு மறுபக்கம் ஓடுங்கள். பணம் அவனுக்கு வேண்டும், உயிர் நமக்கு வேண்டும். ஓட வழியே இல்லையென்றால் முக்காலி, பிளாஸ்டிக் கிரேட், எடைத்தட்டு என்று ஏதாவது ஒன்று நடுவில் இருக்கட்டும். அதுவும் இல்லையென்றால் முன்கையின் வெளிப்பக்கமே அவனை நோக்கி இருக்க வேண்டும். மணிக்கட்டின் உட்பக்கத்தில் ரத்தக்குழாயும் விரல் நரம்புகளும் தோலுக்கு அடியிலேயே ஓடுகின்றன.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்பு உரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகளில் இருக்கிறது. உடலையும் உடைமையையும் காத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. ஆனால் காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை. திருடனைப் பிடித்துத் தூணில் கட்டி அடித்தால் வழக்கு நம்மேல்தான் வரும். அப்போது சங்கமும் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் கடையில் இப்போது ஏற்பாடு இதுதான்: பெரிய நோட்டுகள் சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடும். ஷட்டரைத் தம்பி இறக்குவார். அவர் பூட்டை இழுத்துப் பார்க்கும்வரை நான் தெருவைப் பார்த்தபடி, கை இரண்டையும் வெறுமையாக வைத்துக்கொண்டு நிற்பேன்.