ஓரிணைப்பில் ஓர் இல்லம்: கைபேசி இணையப் பகிர்வு

முன்னுரை

கற்பார்க்கு இணையம் இன்று இன்றியமையாத துணையாகிவிட்டது. ஆயினும் கம்பிவழி இணைப்பு எல்லா இல்லங்களிலும் இல்லை. பல வீடுகளில் உள்ளவை ஒரு திறன்பேசியும், நாளொன்றுக்கு 1.5 அல்லது 2 ஜிபி என வரையறுக்கப்பட்ட தரவுமே. அவ்வோரிணைப்பைப் பிற கருவிகளோடு பகிரும் முறையையும் அதிற் பேண வேண்டிய ஒழுங்கையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயங்கும் முறை

பகிர்வு வசதியை இயக்கியவுடன் திறன்பேசி தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி உள்முகவரி வழங்குகிறது. அக்கருவிகள் விடுக்கும் வேண்டுகோள்களைத் தன் இணைப்பின் வழியே வெளியே அனுப்பி, வரும் விடைகளை உரிய கருவியிடம் சேர்க்கிறது. ஒரே கதவெண்ணுக்கு வரும் கடிதங்களை வீட்டாருக்குப் பிரித்தளிக்கும் பெரியவரின் பணியை இஃது ஒத்தது எனலாம்.

மூவகைப் பகிர்வு

முதலாவது, ஹாட்ஸ்பாட் எனப்படும் வைஃபைப் பகிர்வு. பல கருவிகள் ஒருங்கே இணையலாம். மின்கலம் விரைந்து தீரும். இதன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர் கடந்து தொலைவு செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அண்மையில் மிகுவிரைவு தரும். இரண்டாவது, யுஎஸ்பி கம்பிவழிப் பகிர்வு. ஒரு கணினிக்கே உதவுமெனினும் நிலையானது. கணினியிலிருந்து கைபேசி மின்னூட்டமும் பெறும். மூன்றாவது, புளூடூத் பகிர்வு. விரைவு குறைவு, மின்செலவும் குறைவு. எழுத்துவடிவச் செய்திகளுக்கு இது போதும்.

அளவறிதல்

2020-இல் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டிருந்த காலம். இணையவழித் தேர்வு நாளன்று காலையிலேயே மாணவி ஒருவர் வீட்டில் தரவு தீர்ந்துபோயிற்று. படம் பார்த்துத் தீர்த்தான் என்று பழி தம்பியின்மேல் விழுந்தது. பின்னர் ஆராய்ந்தபோது, இரவில் இணைப்பிலேயே விடப்பட்டிருந்த மடிக்கணினி தன் மென்பொருளைத் தானே புதுப்பித்துக்கொண்டமை தெரியவந்தது.

இதன் காரணம் அறியத்தக்கது. தரவுக்கு வரம்புண்டு என்பதைக் கைபேசி அறியும்; அதனோடு வைஃபைவழி இணைந்த கணினி அறியாமற் போகலாம். வரம்பற்ற இணைப்பெனக் கருதி அது பெரிய கோப்புகளை இறக்கிக்கொள்ளும். எனவே கணினியின் அமைப்புகளில் அவ்விணைப்பை 'அளவிடப்பட்டது' எனக் குறித்தல் வேண்டும். ஒளிப்படங்கள் தாமே மேகச் சேமிப்பிற்கு ஏறுவதை நிறுத்துதலும், காணொளியின் தரத்தைக் குறைத்தலும், வேலை முடிந்ததும் பகிர்வை அணைத்தலும் தரவைக் காக்கும்.

கடவுச்சொல் ஓர் அமானிதம்

வைஃபைப் பகிர்வின் கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்துகள் கொண்டதாயிருத்தல் வேண்டும். பிறந்த நாளையோ கைபேசி எண்ணையோ வைத்தல் தகாது. கைபேசியில் வாய்ப்பிருப்பின் 2018-இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 காப்பு முறையைத் தேர்ந்தெடுத்தல் நன்று. நம் இணைப்பில் பிறர் செய்யும் செயலும் வெளியுலகிற்கு நம் எண்ணிலிருந்து நிகழ்ந்ததாகவே தோன்றும் என்பது கருதத்தக்கது. இதற்காக அண்டை வீட்டு ஏழை மாணவருக்கு மறுக்க வேண்டுவதில்லை. தேவைப்படும் பொழுதில் தந்து, பின்னர்ச் சொல்லை மாற்றிக்கொள்ளலாம். ஈகையும் எச்சரிக்கையும் ஒன்றற்கொன்று பகையல்ல.

முடிவுரை

பள்ளிவாசலின் ஹவுளில் ஊரார் அனைவரும் ஒளூச் செய்கின்றனர். நீர் நிறைந்திருப்பினும் வீண்செலவு கூடாதென்றே நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. வீட்டின் ஓரிணைப்பும் அத்தகையதே. யாருக்குத் தேர்வு, யாருக்கு வகுப்பு, யாருக்குப் பொழுதுபோக்கு என்று காலையிலேயே கலந்து பேசி முறை வகுத்துக்கொள்ளும் இல்லத்தில் குறைந்த தரவும் நிறைந்து பயன்தரும். குற்றமற்ற தம்பியின்மேல் பழியும் விழாது.