பேப்பர் போடாதீர்கள்

ஐடி கம்பெனியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். வேலை இல்லை, ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடுகிறது, அதை எடுத்துச் செலவு செய்யவே கூசுகிறது என்பவர்களுக்கு. சோழிங்கநல்லூரில் ஒரு பெரிய கம்பெனியில் ஏறக்குறைய ஒரு வருஷம் நான் அப்படி இருந்தேன். என்னோடு இருந்தவர்களில் பலர், ஹெச்ஆர் கேட்டதும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை. நான் கொடுக்கவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

ப்ராஜெக்டிலிருந்து என்னை விடுவித்த மறுநாள் வழக்கம்போலப் போய் ஓடிசி, அதாவது க்ளையன்ட் ப்ராஜெக்டுக்கென்று ஒதுக்கிய கூடத்தின் கதவில் கார்டை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், மறுபடியும் சிவப்பு. என் தண்ணீர் பாட்டிலும் ஏசிக்குப் போர்த்துகிற சால்வையும் உள்ளே மேஜையில் இருந்தன. முந்தின நாள்வரை கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தார்கள். ப்ராஜெக்டில் இல்லாதவரை உள்ளே விடக்கூடாது என்பது க்ளையன்ட் விதி. செக்யூரிட்டி அண்ணன்தான் என் பொருள்களை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். அன்றிலிருந்து ஃபுட் கோர்ட்தான் எனக்கு ஆபீஸ். காலையில் கார்டைத் தேய்த்து உள்ளே வந்து, ஒன்பது மணி நேரம் கணக்குக் காட்டிவிட்டு வெளியே போக வேண்டும்.

நாம் யாருக்கும் வேண்டாதவர் என்ற நினைப்பு அங்கேதான் பிடிக்கிறது. அது பொய். பெஞ்ச் ஏன் இருக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. புது கான்ட்ராக்ட் கேட்கப் போகும்போது, "இரண்டே வாரத்தில் ஆட்களை இறக்குவோம்" என்று க்ளையன்ட்டிடம் சொல்ல வேண்டும். அதற்கு ஆட்கள் கையிருப்பில் இருக்க வேண்டும். பந்தியில் சோறு பற்றாமல் போகக்கூடாது என்று கூடுதலாக உலை வைப்பது மாதிரிதான். மிஞ்சுவது சோற்றின் குற்றமில்லை. கான்ட்ராக்ட் கைமாறிப் போனாலோ, காலாண்டு முடிவில் எத்தனை சதவீதம் பேர் பில்லிங்கில் இருக்கிறார்கள் என்று முதலீட்டாளர்களுக்குச் சொல்லும் நேரம் வந்தாலோ, அதே கையிருப்பு பாரமாகிவிடுகிறது. நீங்கள் அப்படியேதான் இருக்கிறீர்கள். அவர்கள் கணக்குதான் மாறுகிறது.

"சும்மாதானே இருக்கே, நாலு கோர்ஸ் படிச்சா என்ன?" என்று என் பெரியப்பா மகன் வீட்டு விசேஷத்தில் எல்லார் முன்னிலையிலும் கேட்டான். அவனுக்கு அன்று சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன். ஆஸ்திரியாவில் மரியன்தால் என்று ஒரு ஊர். அங்கே துணி ஆலை மூடிய பிறகு ஊரே வேலையிழந்தது. மேரி யஹோடா என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அங்கே போய் ஆய்வு செய்து 1933இல் நூலாக வெளியிட்டார்கள். ஊராருக்கு நாள் முழுக்க ஓய்வு. ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது இரண்டே வருஷத்தில் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆண்கள் தெருவில் நடக்கிற வேகம்கூடக் குறைந்திருந்தது. வேலை போனால் படிக்கிற தெம்பும் கூடவே போகும். மனிதர்களுக்கு நேர்வது அது. சோம்பேறித்தனம் என்று பெயர் வைப்பவர்கள் அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

இப்போது, ராஜினாமா கேட்டு ஹெச்ஆர் என்னைக் கூப்பிட்ட அறைக்கு வருகிறேன். சின்ன மீட்டிங் ரூம். ஒரு ஹெச்ஆர், எனக்கு எந்த வேலையும் தராத மேனேஜர், மேஜைமேல் வெள்ளைத்தாள். போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

"நீங்களே பேப்பர் போட்டுட்டா ரெக்கார்ட் க்ளீனா இருக்கும். நாங்க டெர்மினேட் பண்ணினா அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷன்ல மாட்டிக்கும்" என்றார் ஹெச்ஆர். மேனேஜர் தலைநிமிரவில்லை.

"சரி மேடம், இதையே மெயில்ல அனுப்புங்க" என்றேன். அனுப்பவில்லை. அதற்குப் பிறகும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் இதே பதில்தான். மெயில் கடைசிவரை வரவில்லை.

ஏன் வராது என்றால், எழுத்தில் கொடுத்தால், கம்பெனியேதான் அனுப்புகிறது என்பதற்கு அது சாட்சி. கம்பெனியே அனுப்பினால் அது ஆட்குறைப்பு. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்ய, காரணம் சொல்லி ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். அதோடு முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். எட்டு வருஷ சர்வீஸ் என்றால் 120 நாள் சம்பளம். இதற்கு முன்பு நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலும் இந்தக் கணக்குதான் இருந்தது. நீங்களாக எழுதிக் கொடுத்தால் இந்த இழப்பீடு ஒரு பைசா கிடையாது. கார்டில் "அனலிஸ்ட்", "லீட்" என்று போட்டிருப்பதால் நாம் தொழிலாளி இல்லை என்பார்கள். பதவிப் பெயரை வைத்து நீதிமன்றம் முடிவு செய்வதில்லை. உண்மையில் என்ன வேலை செய்கிறோம் என்பதைத்தான் பார்க்கும்.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். டைம்ஷீட்டை வெள்ளிக்கிழமைக்குள் போடுங்கள். எந்த ப்ராஜெக்டுக்குக் கேட்டாலும் "வருகிறேன்" என்று மெயிலிலேயே பதில் சொல்லுங்கள். ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, அப்ரைசல் எல்லாவற்றுக்கும் வீட்டில் நகல் இருக்கட்டும். எனக்குக் கடைசியில் ஒரு நைட் ஷிஃப்ட் சப்போர்ட் ப்ராஜெக்ட் தந்தார்கள். போனேன். நல்ல வேலை கிடைத்த பிறகுதான், நானே தேர்ந்த தேதியில் பேப்பர் போட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்களில் ஒருவன், வீட்டுக் கடன் தவணை கட்ட மனைவியின் நகையை அடகு வைத்தான். உங்களுக்கும் ஐந்தாம் தேதி தவணை போகும் வீடு இருக்கும்.

ஐடி ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. அந்த அறைக்குள் கூப்பிடும்வரை காத்திருக்காமல், இந்த மாதமே சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள்.