கண்ணாடியை அளக்கும் கருவி

கள்ளிக்காட்டில் ஓர் அம்மா. தையல் வேலை செய்பவர். வயது 48. ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை. கண் மருத்துவர் சோதித்துச் சீட்டு எழுதினார். ஒரு கடையில் கண்ணாடி வாங்கினார்.

கண்ணாடி போட்டதும் தலைவலி வந்தது.

"எனக்கு வயசாகிப் போச்சு, மக்களே" என்றார் மகனிடம்.

மகன் பாறசாலையில் கண்ணாடிக் கடை வைக்கப் போகிறவர். தொழில் கற்ற கடைக்குக் கண்ணாடியைக் கொண்டு போனார். லென்ஸோமீட்டரில் வைத்துப் பார்த்தார். சீட்டில் இரண்டு கண்ணுக்கும் +2.00. கண்ணாடியில் வலது +2.00. இடது +2.75!

"அம்மா, தப்பு கண்ணில் இல்லை. கண்ணாடியில்தான்" என்றார்.

பவர் என்றால் என்ன?

லென்ஸின் பவரை டயாப்டர் என்னும் அளவால் சொல்வார்கள். +1 லென்ஸ் தூரத்து ஒளியை 1 மீட்டர் தள்ளிக் குவிக்கும். +2 லென்ஸ் அரை மீட்டரில் குவிக்கும். பவர் கூடினால் தூரம் குறையும்.

அரிசிக்குத் தராசு. கண்ணாடிக்கு லென்ஸோமீட்டர். தராசு கெட்டால் எல்லா எடையும் தப்பு.

கைக்கருவியில் கண் வைத்துப் பார்க்க ஒரு குழாய் உண்டு. உள்ளே கோடுகள் தெரியும். லென்ஸை வைத்துச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். கோடு தெளியும் இடத்தில் உள்ள எண்தான் பவர்.

நல்ல கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

1. முதலில் குழாயை உங்கள் கண்ணுக்கு ஏற்பத் திருப்புங்கள். லென்ஸ் வைக்காமல் பாருங்கள். கோடு தெளியும்போது எண் 0 காட்ட வேண்டும்.

2. பவர் தெரிந்த லென்ஸ்களை வையுங்கள். +2, -2, +10 என்று பாருங்கள். சில கருவி 0-வில் சரியாக இருக்கும். பெரிய பவரில் தவறும்.

3. ஒரே லென்ஸை மூன்று முறை அளங்கள். சக்கரத்தை இரு பக்கமிருந்தும் திருப்புங்கள். எண் மாறினால் வாங்காதீர்கள்.

4. லென்ஸின் நடுவில் மைப்புள்ளி வையுங்கள். லென்ஸைத் தலைகீழாக்கி, நடுவைப் பார்த்து மறுபடி வையுங்கள். இரண்டு புள்ளியும் ஒன்றாக விழ வேண்டும்.

5. மின்சாரம் போனால் பேட்டரியில் எரியுமா? பழுது பார்க்கத் திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ ஆள் உண்டா? கேளுங்கள்.

நம் ஊரில் மழை அதிகம். ஈரத்தில் கருவியின் உள்லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பழைய கருவி வாங்கும்போது இதைக் கவனியுங்கள். வேலை முடிந்ததும் உறை போட்டு மூடுங்கள்.

மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் கிராம முகாம்களில் பலருக்கு அங்கேயே கண்ணாடி செய்து தருகிறார்கள். அவசரமாகச் செய்தாலும் அளந்து பார்த்துத் தருவதுதான் முறை.

அம்மாவுக்கு இடது லென்ஸை மாற்றினார்கள். தலைவலி நின்றது. ஊசியில் நூல் ஏறியது. மகன் தன் கடைக்கு முதலில் வாங்கியது லென்ஸோமீட்டர்தான்.

நீங்களும் கண்ணாடி வாங்கும்போது கேளுங்கள்: "அண்ணே, சீட்டில் உள்ள பவர் இதில் இருக்கிறதா? அளந்து காட்டுங்கள்." கேட்பது உங்கள் உரிமை.

பதில் சொல்லுங்கள்
1. அம்மாவுக்குத் தலைவலி வந்தது ஏன்?
2. லென்ஸ் இல்லாதபோது கருவி என்ன எண் காட்ட வேண்டும்?
3. உங்கள் கண்ணாடியின் பவர் என்ன? சீட்டைப் பார்த்து எழுதுங்கள்.