மோட்டார் வண்டியின் பிரேக்குத் தட்டும் கட்டையும்: மாற்றும்போது தேர்ந்தெடுக்கும் முறை

ஹைதராபாத் நகரிலுள்ள சௌமஹல்லா அரண்மனையில் மஞ்சள் வண்ணம் பூசப்பெற்ற பழைய ரோல்ஸ் ராய்ஸ் மோட்டார் வண்டியொன்று பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. ‘சில்வர் கோஸ்ட்’ வகையைச் சேர்ந்த அவ்வண்டி 1912-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆறாம் நிஜாம் மஹபூப் அலிகானுக்காகத் தருவிக்க ஏற்பாடாகி, அவர் 1911-இல் காலமான பின்னர் வந்து சேர்ந்தது. அக்காலத்தில் உலகின் மிகச் சிறந்த வண்டிகளுள் ஒன்றாக மதிக்கப்பெற்ற அதன் முன் சக்கரங்களில் பிரேக்கே இல்லை. அவ்வகை வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக்கு அமைக்கும் வழக்கம் 1924-ஆம் ஆண்டையொட்டியே ஏற்பட்டது. மெதுவாகச் செல்லும் ஊர்வலத்திற்கு அது போதுமானதாக இருந்தது.

இன்று அதே நகரைச் சுற்றி 158 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலை அமைந்துள்ளது. இரண்டு டன் எடையுள்ள உயர்தர வண்டிகள் அதில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. இவ்வண்டிகளின் பிரேக்குத் தட்டும் கட்டையும் தேய்ந்தபின் அவற்றை மாற்ற வேண்டும். அப்போது கடைக்காரர் விலை குறைந்தது ஒன்று, விலை மிகுந்தது ஒன்று, பந்தய வண்டிக்குரியது ஒன்று எனப் பலவற்றை எடுத்து வைப்பார். இவற்றுள் எதைக் கொள்வது என்பதை விலையைக் கொண்டோ விளம்பரத்தைக் கொண்டோ தீர்மானித்தல் தகாது. பிரேக்கின் தொழில் யாது என்பதை அறிந்தால் விடை தானே புலப்படும்.

பிரேக்கு ஓர் உஷ்ண யந்திரம்

ஓடும் வண்டியிடம் இயக்க சக்தி உள்ளது. சக்தி அழிவதில்லை; உருமாறுகிறது. பிரேக்கை மிதிக்கும்போது, சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் கட்டைகள் இறுகப் பற்றுகின்றன. உராய்வினால் இயக்க சக்தி உஷ்ணமாக மாறுகிறது. பட்டறைகளில் இத்தட்டை டிஸ்க் என்றும் ரோட்டார் என்றும், கட்டையைப் பேட் என்றும் வழங்குவர்.

2,000 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதன் இயக்க சக்தி ஏறத்தாழ 772 கிலோ ஜூல். 30 டிகிரி வெப்பமுள்ள இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இவ்வளவு உஷ்ணமும் சில விநாடிகளில் பிரேக்குகளில் உண்டாகிறது. வேகம் பாதியானால் சக்தி கால் பங்காகக் குறையும். இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்திருப்பதே காரணம்.

வண்டி நிற்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் இச்சுமையில் சுமார் 70 சதவீதம் முன் சக்கரங்களின் மேல் விழுகிறது. முன் தட்டு ஒவ்வொன்றும் 10 கிலோகிராம் எடையுள்ளதாயின், ஒரே நிறுத்தத்தில் அவற்றின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 60 டிகிரி உயரும். ஆறுவதற்கு நேரமின்றிப் பல முறை இவ்வாறு நிறுத்தினால் வெப்பம் பல நூறு டிகிரியை எட்டும்.

மலைச் சாலையில் நிலைமை இன்னும் கடுமை. அதே வண்டி ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் இறங்கும்போதும் ஏறத்தாழ 1,960 கிலோ ஜூல் சக்தி வெளிப்படும். இது இரண்டரை முறை வண்டியை முழு வேகத்திலிருந்து நிறுத்துவதற்குச் சமம். ஹைதராபாத்திலிருந்து ஸ்ரீசைலம் செல்வோர் கிருஷ்ணா நதிப் பள்ளத்தாக்கில் இறங்கும்போதும், தமிழ்நாட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைச் சாலையில் இறங்கும்போதும் பிரேக்கின் தரம் உண்மையில் சோதிக்கப்படுகிறது. எஞ்சினையே தடையாகப் பயன்படுத்திக் குறைந்த கியரில் இறங்க வேண்டும் என்று கூறுவது இதனாலேயே.

தட்டின் இயல்பு

தட்டுப் பிரேக்கிற்கு 1902-இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியியல் அறிஞர் பிரெடரிக் லான்செஸ்டர். 1953-இல் பிரான்ஸ் நாட்டு லெ மான் பந்தயத்தில் தட்டுப் பிரேக்குகள் பூண்ட ஜாகுவார் வண்டி வெற்றி பெற்றபின் உலகம் இம்முறையின் சிறப்பை உணர்ந்தது. மூடிய டிரம்மைக் காட்டிலும் திறந்த தட்டு விரைவில் ஆறுகிறது.

பெரும்பாலான தட்டுகள் சாம்பல் நிற வார்ப்பிரும்பினால் ஆனவை. இவ்விரும்பினுள் மெல்லிய இதழ்களாகப் பரந்துள்ள கிராபைட் உஷ்ணத்தைக் கடத்துகிறது, அதிர்வையும் அடக்குகிறது. முன் தட்டுகள் இரு பரப்புகளுக்கிடையே காற்றோட்ட இடைவெளி உடையவை. சில வகைகளில் இவ்விடைவெளியின் தடுப்புகள் வளைந்திருக்கும். அத்தகைய தட்டுகளை வலம் இடம் மாற்றிப் பூட்டினால் காற்றோட்டம் குன்றும்.

துளையிட்ட தட்டுகள் அழகாகத் தோன்றும். மழைநீரையும் விரைவில் விலக்கும். எனினும் கடும் உஷ்ணத்தில் துளைகளின் ஓரத்திலிருந்து வெடிப்பு தொடங்கக்கூடும். தயாரிப்பாளர் அவ்வண்டிக்குத் துளைத் தட்டையே விதித்திருந்தாலன்றி அதை நாடுவதில் பயனில்லை.

2001-ஆம் ஆண்டையொட்டி போர்ஷே நிறுவனம் கரி இழையும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த தட்டுகளைத் தன் வண்டிகளில் அளிக்கத் தொடங்கியது. இவை இரும்புத் தட்டின் எடையில் ஏறத்தாழ பாதியே உள்ளவை. விலை பல மடங்கு. இவற்றிற்கெனத் தனிக் கட்டைகள் உண்டு. இரும்புத் தட்டிற்குரிய கட்டையை இவற்றோடு பொருத்தலாகாது. கடைகளில் ‘செராமிக்’ என விற்கப்படும் சாதாரணக் கட்டைகள் இரும்புத் தட்டிற்கானவை. பெயர் ஒத்திருப்பதால் பலர் மயங்குகின்றனர்.

மிகச் சிறந்த பொருள் எங்கும் சிறந்ததாகாது என்பதற்கு ஹைதராபாத்திலேயே சான்று உண்டு. அங்குள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் மேம்பட்ட அமைப்புகள் ஆய்வகம், இலகுரகப் போர் விமானத்திற்கெனக் கரி இழையைக் கரியிலேயே பதித்த பிரேக்குத் தட்டுகளை உருவாக்கியுள்ளது. தரையிறங்கும் விமானத்தின் பேருஷ்ணத்தை இவை தாங்க வல்லன. ஆயினும் இத்தகைய பொருள் குளிர்ந்த நிலையில் குறைவாகவே பற்றும். காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு முதல் சந்திப்பிலேயே நிற்க வேண்டிய வண்டிக்கு அது ஏற்றதன்று. பந்தயத்திற்கெனச் செய்த கட்டைகளுக்கும் பெரும்பாலும் இதே குறை உண்டு.

கட்டையின் இயல்பு

கட்டை ஒரு கலவை. இழைகள், உலோகத் தூள், கிராபைட், தாதுப் பொடிகள் முதலியவற்றைப் பினாலிக் பிசின் கொண்டு பிணைத்து, இரும்புத் தகட்டின் மேல் இறுக்கிச் செய்கின்றனர். உலோகம் மிகுந்த கட்டை உஷ்ணத்தை நன்கு தாங்கும். ஆனால் ஓசையும் தூளும் மிகும், தட்டையும் விரைவில் தேய்க்கும். உலோகம் குறைந்த கட்டை அமைதியாக இயங்கும்; கடும் உஷ்ணத்தில் தளரக்கூடும்.

வெப்பம் எல்லை கடந்தால் பிசின் சிதைந்து வாயு வெளிப்படுகிறது, உராய்வு குறைகிறது. இதனைப் பிரேக்குத் தளர்ச்சி எனலாம். இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நல்ல பிரேக்கினால் சுமார் 48 மீட்டரில் நிற்பதாகக் கொள்வோம். தளர்ச்சியினால் நிறுத்தும் விசை பாதியானால் அது 96 மீட்டர் வரை ஓடும். முதல் வண்டி அசைவற்று நின்ற அதே இடத்தை இரண்டாவது வண்டி மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும். அவ்விடத்தில் ஒரு குழந்தை சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம்.

பல கட்டைகளின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலெழுத்து மிதமான வெப்பத்திலும், இரண்டாவது மிகுந்த வெப்பத்திலும் உள்ள உராய்வுக் குணகத்தைக் குறிக்கும். ‘ஈ’ என்பது 0.25 முதல் 0.35 வரை, ‘எப்’ என்பது 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்பது 0.45 முதல் 0.55 வரை. முதலெழுத்து உயர்ந்தும் இரண்டாவது தாழ்ந்தும் இருப்பின், சூடேறும்போது பிடிப்புக் குறையும் என அறியலாம். இவ்வெழுத்துகள் தேய்மானத்தைப் பற்றியோ ஓசையைப் பற்றியோ ஒன்றும் கூறுவதில்லை. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 90-ஆம் விதியின்படி சோதிக்கப்பெற்ற மாற்றுக் கட்டைகள், முதலில் வந்த கட்டைகளின் இயல்பிலிருந்து 15 சதவீதத்திற்கு மேல் மாறுபடலாகாது. அம்முத்திரை உள்ளதை ஏற்பது நலம்.

தேர்ந்தெடுக்கும் முறை

வண்டியின் பெயரை மட்டும் கூறிக் கேட்டல் போதாது. ஒரே பெயருள்ள வண்டியிலும் எஞ்சினுக்கேற்பத் தட்டின் விட்டம் வேறுபடும். ஆதலின் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட வண்டி அடையாள எண்ணைக் கொடுத்தே உறுப்பைத் தேர வேண்டும்.

தட்டின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ அதன் மிகக் குறைந்த கனம் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ராமீட்டரினால் பல இடங்களில் அளந்து, அவ்வெல்லைக்குக் குறைந்திருந்தால் தட்டை மாற்றியே ஆக வேண்டும். கடைசல் பிடித்து மட்டமாக்கிய பிறகும் எல்லைக்கு மேல் கனம் எஞ்சும் என்றாலொழியக் கடைசல் பிடித்தல் வீண். கட்டையின் உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டரை நெருங்கினால் மாற்றுதல் பொது வழக்கம். வண்டியின் கையேடு வேறு அளவு கூறின் அதுவே விதி.

ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒருபுறம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். புதிய தட்டில் பழைய கட்டையைப் பூட்டுவதும் தவறு. பழைய தட்டின் வரிப் பள்ளங்களுக்கேற்பத் தேய்ந்த கட்டை புதிய பரப்பில் முழுதும் படியாது. உயர்தர வண்டிகளில் தேய்மானத்தை அறிவிக்கும் கம்பியும் உண்டு. அதனையும் உடன் மாற்றுதல் வேண்டும். மின்சாரக் கைப்பிரேக்கு உள்ள வண்டியில், அதனைப் பழுதுபார்க்கும் நிலைக்குக் கொண்டுவராமல் பிஸ்டனைப் பலவந்தமாக உள்ளே தள்ளினால் கருவி கெடும்.

பூட்டிய பின்னர்

புதிய தட்டின் மேல் துருப் பிடிக்காதிருக்கப் பூசிய எண்ணெயை முற்றும் துடைத்தெடுக்க வேண்டும். பின்னர், போக்குவரத்து இல்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து பல முறை மெல்ல வேகத்தைக் குறைத்து, இடையிடையே ஆறவிட வேண்டும். இதனால் கட்டையின் பொருள் மெல்லிய படலமாகத் தட்டில் சீராகப் படிகிறது. இதற்கு முன் திடீரெனக் கடுமையாக மிதிப்பது நன்றன்று.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்னும் வகைக்கு விதித்துள்ள குறைந்தபட்சக் கொதிநிலை, புதியதாயின் 230 டிகிரி. ஈரம் ஏறியபின் 155 டிகிரி. குழாயினுள் ஆவி உண்டானால் மிதி தரை வரை இறங்கிவிடும். எவ்வளவு உயர்ந்த தட்டும் கட்டையும் பூட்டியிருப்பினும் அப்போது பயனில்லை. ஆதலின் கையேட்டில் குறித்த காலத்தில் இதனையும் மாற்றுவது அவசியம்.

பழைய கட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் நுண்ணிய தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயையும் விளைவிக்கும். பிரேக்குத் தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். வாங்கும் புதிய கட்டை கல்நார் அற்றது என உறையில் குறித்திருக்கிறதா என்றும் பார்த்தல் நலம்.

இவ்விதிகள் விலையுயர்ந்த வண்டிக்கு மட்டுமின்றி, கள ஊழியர்கள் உபயோகிக்கும் ஜீப்பின் தட்டுப் பிரேக்கிற்கும் பொருந்துவன. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாக விளக்கலாம். ஒரே அளவான இரு பாத்திரங்களில் ஒன்றில் 100 மில்லிலிட்டரும் மற்றதில் 200 மில்லிலிட்டரும் தண்ணீர் எடுத்து, ஒரே சுடரில் மூன்று நிமிடம் தனித்தனியே வைத்து, வெப்பமானியால் அளக்கச் செய்க. குறைந்த அளவு நீர் ஏறத்தாழ இரு மடங்கு சூடேறியிருக்கும். தேய்ந்து மெலிந்த தட்டும் அவ்வாறே கனத்த தட்டை விட மிகுதியாகச் சூடேறும். தட்டின் ஓரத்தில் அந்த மில்லிமீட்டர் அளவு பொறிக்கப்பட்டிருப்பதன் காரணத்தை மாணவர் இதனின்று தாமே கூறுவர்.