கொக்கோ விதையிலிருந்து சொக்லேட் வரை

(தரம் 10, 11 மாணவர்களுக்கு: புவியியல், தமிழ்மொழிக் கட்டுரை ஆகியவற்றுக்கான துணைப் பாடம்)



"எனக்குப் பிடித்த உணவு" என்று கட்டுரை எழுதச் சொன்னால் உங்களுட் பலர் சொக்லேட்டையே தெரிவு செய்கின்றீர்கள். ஆனால் "அது மிகவும் இனிப்பானது, எனக்கு நன்றாகப் பிடிக்கும்" என்ற இரண்டு வசனங்களோடு விடயம் முடிந்துவிடுகின்றது. ஒரு பொருளைப் பற்றி அறிந்தவரே அதைச் சுவையாக எழுதுவார். கொடுக்கும் காசுக்குச் சரியானதைப் பார்த்து வாங்கவும் செய்வார். இப்பாடத்தின் நோக்கம் அதுவே.

1. கொக்கோ வளரும் இடங்கள்

சொக்லேட்டின் மூலப்பொருள் கொக்கோ மரத்தின் விதையாகும். இதன் தாயகம் தென் அமெரிக்கா. 1753இல் லின்னேயஸ் என்னும் தாவரவியலாளர் இதற்குத் 'தியோபுரோமா' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் இதன் பொருள் 'தெய்வங்களின் உணவு' என்பதாகும்.

வலப்பனையின் மேற்பகுதித் தேயிலைத் தோட்டங்களில் நீங்கள் கொக்கோவைக் காணமாட்டீர்கள். காரணம் குளிர். கொக்கோவுக்கு வெப்பம், ஈரப்பதன், நிழல் ஆகிய மூன்றும் தேவை. எனவே இலங்கையில் இது பொதுவாகக் கடல் மட்டத்திலிருந்து 600 மீற்றருக்குக் கீழேயே பயிரிடப்படுகின்றது. மாத்தளை, கண்டி, குருநாகல், கேகாலை ஆகியன முக்கிய மாவட்டங்கள். தென்னை, இறப்பர் மரங்களுக்கிடையே இடைப்பயிராகவும் நடுவர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின்னர் மேட்டு நிலத்தில் தேயிலையும், தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் கொக்கோவும் பரவின.

2. தேயிலையோடு ஒப்பிட்டுப் படிப்போம்

கொழுந்து எவ்வாறு தேயிலைத் தூளாகின்றது என்பதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாட்டுதல், அரைத்தல், நொதித்தல், உலர்த்தல், தரம் பிரித்தல் என்பன அதன் படிகள். கொக்கோவின் படிகள் வருமாறு:

• காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு விதைகளை எடுத்தல். ஒரு காயில் ஏறத்தாழ 30 முதல் 40 வரை விதைகள் இருக்கும்.
• வாழையிலையால் மூடியோ, மரப்பெட்டியில் இட்டோ 5 முதல் 7 நாட்கள் நொதிக்க விடுதல்.
• வெயிலில் உலர்த்துதல்.
• வறுத்தல், தோல் நீக்குதல், அரைத்தல்.

கவனிக்க: தேயிலையில் 'நொதித்தல்' எனப்படுவது உண்மையில் ஒட்சியேற்றமே. கொக்கோவிலோ மதுவமும் பற்றீரியாவும் சேர்ந்து உண்மையாகவே நொதிக்கச் செய்கின்றன. நொதிக்காத விதையை எவ்வளவு வறுத்தாலும் சொக்லேட் மணம் வராது.

3. ஒரே விதை, பல வடிவங்கள்

வறுத்த விதையை அரைத்தால் கொக்கோக் கூழ் கிடைக்கும். அதில் ஏறத்தாழ அரைப்பங்கு கொக்கோ வெண்ணெய் ஆகும். இந்த வெண்ணெயைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு 1828இல் நெதர்லாந்தில் வான் ஹூட்டன் காப்புரிமை பெற்றார். அதன் பின்னரே பல வடிவங்கள் தோன்றின.

(அ) கொக்கோத் தூள்: வெண்ணெய் பிழிந்த பின் எஞ்சுவது. கேக்குக்கும் சூடான பானத்துக்கும் ஏற்றது.
(ஆ) கறுப்புச் சொக்லேட்: கூழ், வெண்ணெய், சீனி. முதலில் கசப்பும் பின்னர் இனிப்பும் தெரியும்.
(இ) பால் சொக்லேட்: பாற்பொருள் சேர்ந்தது. 1875இல் சுவிட்சர்லாந்தில் டானியல் பீற்றர் உருவாக்கினார். குண்டசாலையில் தயாராகும் கண்டோஸ் நமக்குப் பழக்கமானது. நம்மவர் சொக்லேட்டையே 'கண்டோஸ்' என்று கேட்பதும் உண்டு.
(ஈ) வெள்ளைச் சொக்லேட்: கொக்கோ வெண்ணெய், பால், சீனி மட்டும். தூள் சேராததால் பழுப்பு நிறம் இல்லை.
(உ) கலவைப் பூச்சு: கொக்கோத் தூளுடன் வேறு தாவரக் கொழுப்புச் சேர்த்தது. பிஸ்கட்டு, ஐஸ்கிறீம் ஆகியவற்றின் மேல் பூசப்படுவது பெரும்பாலும் இதுவே.

4. வாயில் கரைவது ஏன்?

கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகும். நமது உடல் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை. ஆகவே கையில் உறுதியாக இருக்கும் துண்டு நாவில் தானாகக் கரைகின்றது. இராகலைக் கடையில் 'படக்' என்று ஒடியும் சொக்லேட் கொழும்பு வெயிலில் குழைவதும் இதனாலேயே. உருகி மீண்டும் இறுகினால் மேலே வெண்படலம் தோன்றலாம். அது பூஞ்சணம் அன்று. மேலே வந்த கொழுப்பே.

அடுத்த முறை ஒரு துண்டைக் கடிக்காமல் நாவில் வைத்துப் பாருங்கள். விரைவாகக் கரைந்து மணம் எழுந்தால் அதில் கொக்கோ வெண்ணெய் நிறைய உண்டு. மெழுகுபோல் ஒட்டினால் வேறு கொழுப்பு இருக்கக்கூடும்.

5. உறையை வாசிக்கும் முறை

உறையிலுள்ள கூட்டுப்பொருட்கள் நிறை கூடியதிலிருந்து குறைந்ததை நோக்கி எழுதப்படும். முதலில் சீனி இருந்தால் நீங்கள் அதிகமாக வாங்குவது சீனியே. கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு மட்டும் இருந்தால் அது கலவைப் பூச்சு வகை. மலிவானதை உண்ணக்கூடாது என்பதன்று இதன் கருத்து. எதற்குக் காசு கொடுக்கின்றோம் என்பதை அறிந்து கொடுக்க வேண்டும். பெற்றோரின் நாட்சம்பளத்திலிருந்து வரும் காசு அது.

6. பெறுமதி சேர்த்தல்

உலகக் கொக்கோ உற்பத்தியில் முதலிடம் ஐவரி கோஸ்டுக்கு. அந்நாடும் கானாவும் சேர்ந்து ஏறத்தாழ அரைப்பங்கை விளைவிக்கின்றன. ஆயினும் விதையாக விற்பவருக்குக் கிடைப்பது சிறு பங்கே. சொக்லேட்டாக்கி, உறையிட்டு, பெயர் பொறித்து விற்பவருக்கே பெரும் பங்கு. மோசமான காலநிலையாலும் நோயாலும் விளைச்சல் குறைந்து, 2024இல் ஒரு தொன் கொக்கோவின் விலை 10,000 அமெரிக்க டொலரைத் தாண்டியது. அப்போதும் அந்த இலாபம் முழுவதும் விவசாயிக்குப் போய்ச் சேரவில்லை. அங்குள்ள தோட்டங்களில் சிறுவரை வேலைக்கு அமர்த்துவதை ஒழிப்பதற்கு 2001இல் சொக்லேட் கம்பனிகள் உடன்பட்டன. அது இன்னும் முற்றாக ஒழியவில்லை.

கொழுந்து எடுப்போரின் கூலியையும், வெளிநாட்டுக் கடையில் அழகிய பெட்டியில் விற்கும் தேயிலையின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த அலகு உங்களுக்கு எளிதில் விளங்கும்.

மாதிரி வினாக்கள்

1. கொக்கோ வளர்வதற்கேற்ற பௌதிக நிலைமைகள் மூன்று தருக.
2. வெள்ளைச் சொக்லேட் பழுப்பு நிறமாக இல்லாமைக்குக் காரணம் யாது?
3. பெறுமதி சேர்த்தல் என்பதைத் தேயிலை, கொக்கோ ஆகிய இரண்டையும் உதாரணமாகக் கொண்டு விளக்குக.
4. "நான் சுவைத்த சொக்லேட்" என்னும் தலைப்பில் 150 சொற்களில் கட்டுரை எழுதுக.

விடைக்குறிப்பு: நான்காம் வினாவில் 'இனிப்பு' என்ற சொல்லை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தாமல் எழுதிப் பாருங்கள். ஒடியும் ஓசை, உறையின் மணம், நாவில் கரையும் விதம், பின்னர் வரும் கசப்பு என்று ஒவ்வொன்றாக எழுத வசனங்கள் தாமாகவே வரும்.