வேகத்துக்கு அஞ்சாதவள், உயரத்துக்கு நடுங்குகிறேன்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 20. அப்பா தவறிய பிறகு 17 வயதில் ஊரை விட்டுச் சென்னைக்கு வந்து, ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வாடகை, தம்பியின் படிப்பு எல்லாம் என் சம்பளத்தில்தான். சனிக்கிழமை ராத்திரி ஈ.சி.ஆரில் பைக்கை 100க்கு மேல் விரட்டுவேன், பயமே வராது. ஆனால் ஹாஸ்டலின் நாலாவது மாடி பால்கனியில் நின்றால் முழங்கால் வெலவெலத்துப்போகிறது. தோழிகள் ரிஷிகேஷில் பஞ்சி ஜம்ப் செய்யக் கிளம்புகிறார்கள். “தனியா குடும்பத்தையே தாங்குறவ, இதுக்குப் பயப்படுறியே” என்கிறார்கள். ஒருமுறை குதித்துவிட்டால் பயம் போய்விடுமா? என் தைரியமெல்லாம் வேஷமா?
- வாசகி, சென்னை

பதில்: வேஷமில்லை அம்மா. கைக்குழந்தைகளிடம் நடந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அமெரிக்காவில் உளவியலாளர்கள் எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960இல் வெளியிட்டது. கனத்த கண்ணாடிப் பரப்பு, நடுவில் ஒரு பலகை. ஒரு பாதியில் கட்டம் போட்ட துணி கண்ணாடியை ஒட்டியே இருக்கும். மறு பாதியில் கீழே தரையில் கிடக்கும். பார்க்கப் பள்ளம், ஆனால் விழ முடியாது. நடுப்பலகையை விட்டு நகர்ந்த 27 குழந்தைகளில் 3 பேர்தான் பள்ளத்துப் பக்கம் போனார்கள். அம்மாவே கூப்பிட்டும் மற்றவர்கள் போகவில்லை. பின்னாளில் உளவியலாளர் ஜோசப் கேம்போஸ் இன்னொன்றைக் கவனித்தார். தவழத் தெரியாத குழந்தையை அந்தப் பள்ளத்தின் மேல் இறக்கினால் இதயத்துடிப்பு குறைகிறது; வேடிக்கை பார்க்கிறது. தவழ்ந்து பழகிய குழந்தைக்குத் துடிப்பு எகிறுகிறது. இடுப்பில் சுமக்கப்படும்வரை பள்ளம் யாரோ பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். தானாக நகரத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பயமே பிறக்கிறது. உங்கள் சுதந்திரத்துக்கும் இந்த நடுக்கத்துக்கும் பகை ஏதும் இல்லை.

உடம்பின் கணக்கும் ஒன்று உண்டு. நிற்கும்போது நாம் எல்லோரும் லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கிறோம். பக்கத்துச் சுவரும் கதவும் கண்ணில் அசைவதை வைத்து மூளை அந்த ஆட்டத்தைச் சரிசெய்கிறது. பால்கனியில் எதிரே இருப்பதெல்லாம் தொலைவில். அந்தத் துப்பு கிடைப்பதில்லை. உடம்பு விறைக்கிறது, கால் நடுங்குகிறது. பைக்கில் ஹேண்டில்பார் உங்கள் கையில். அதனால்தான் இரண்டும் இரண்டு விதம்.

குதித்தால் போகுமா? அதை நம்பிக் குதிக்காதீர்கள். பயம் ஏறி, உச்சிக்குப் போய், நாம் அங்கேயே இருக்க இருக்க மெல்ல இறங்க வேண்டும். அப்போது மூளை பாடம் கற்க வாய்ப்பு அதிகம். சில நொடிக் குதிப்பில் அதற்கு அவகாசம் ஏது?

அப்படி அங்கேயே இருந்து பயத்தைப் பழக்கியவர் ஜெர்மானியக் கவி கதே. அவரும் 16 வயதிலேயே படிப்புக்காக வீட்டை விட்டுப் போனவர். 1770இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் சட்டம் படிக்கப் போனபோது, உயரத்தில் அவருக்குத் தலைசுற்றும். அந்த ஊர்த் தேவாலயக் கோபுரம் 142 மீட்டர். அதில் தனியாக ஏறி, உச்சிக்குக் கீழே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு வெளியே ஒரு சின்ன மேடையில் வந்து நிற்பார். பயம் மரத்துப்போகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ததாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

நீங்கள் கைப்பிடி உள்ள இடமாகப் பாருங்கள். முதலில் இரண்டாவது மாடி பால்கனி. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அருகில் அசையாத ஒரு பொருளைப் பார்த்தபடி, நடுக்கம் பாதியாகக் குறையும்வரை நில்லுங்கள். அது சலித்துப்போன பிறகு நாலாவது மாடி. மெரினா கலங்கரை விளக்கத்தின் மேல்மாடம் பிறகு. சமதரையிலும் தலை சுற்றினால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அது வேறு சங்கதி.

பைக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எனக்குக் கவலை அதில்தான். சிலிர்ப்பைத் தேடுவதை ஒரு குணமாகவே மார்வின் ஸுக்கர்மன் பல்லாண்டு ஆராய்ந்தார். அந்தத் தாகம் உங்கள் வயதில்தான் உச்சத்தில் இருக்கும், அது குற்றமில்லை. ஆனால் வாரம் முழுக்க குடும்பப் பாரத்தைச் சுமந்துவிட்டு, சனிக்கிழமை இரவு தனியாக 100க்கு மேல் போகிறீர்கள். 17 வயதில் அப்பாவுக்காக உட்கார்ந்து அழ உங்களுக்கு நேரம் கிடைத்ததா? பால்கனியில் உங்களைக் காக்கிற அந்தப் பயம் சாலையில் ஏன் வாய் திறப்பதில்லை என்று யோசிக்கிறேன். அடுத்த சனிக்கிழமை சாவியை எடுக்குமுன், அன்று என்ன நடந்தது, ஊரிலிருந்து யார் ஃபோன் செய்தார்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். நாலு வாரம் எழுதி, அந்தத் தாளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.