மலை வீட்டுக்கு எந்த ஆப்பிள்?

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கொடைக்கானலில் வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் நிலம் சும்மா கிடக்கிறது, அதில் ஆப்பிள் வைக்க ஆசை, எந்த ரகம் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கூடவே, கடையில் விற்கும் காஷ்மீர் ஆப்பிள் போலச் சிவப்பாக, பெரிதாக, இனிப்பாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். உன் ஆசை நியாயமானது. ஆனால் ஆப்பிள் விஷயத்தில் பழத்தைப் பார்த்து ரகம் தேர்ந்தெடுக்கக் கூடாது. நிலம் எந்த மரத்தை ஏற்கும் என்று பார்த்துவிட்டு, அப்படி ஏற்கும் மரங்களுக்குள்தான் ருசியைப் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றியவர்கள் வீட்டில் மரம் இலையும் தழையுமாக வளரும். காய் மட்டும் வராது.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆப்பிளின் பூர்வீகம் கஜகஸ்தானை ஒட்டிய தியான் ஷான் மலைப்பகுதி. கடும்பனியில் பூத்தால் பூ கருகிவிடும் என்பதால், குளிர்காலம் முழுவதும் மொட்டுகளை மூடிக்கொண்டு உறங்கும் பழக்கம் அந்த மரத்துக்கு இயற்கையாகவே உண்டு. போதுமான அளவு குளிரைக் கண்ட பிறகுதான் அந்த உறக்கம் கலையும். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இருக்கும் நேரத்தைக் கூட்டி இந்த அளவைக் கணக்கிடுகிறார்கள். கடைகளில் நாம் பார்க்கும் சிவப்பு டெலிஷியஸ் போன்ற ரகங்களுக்கு ஒரு குளிர்காலத்தில் சுமார் 1,000 மணி நேரம் இப்படிப்பட்ட குளிர் வேண்டும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சிம்லா கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். உயரம் ஏறக்குறைய ஒன்றுதானே, அங்கே காய்ப்பது இங்கே காய்க்காதா என்று கேட்பார்கள். காய்க்காது. சிம்லா வடக்கே 31 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, கொடைக்கானல் 10 டிகிரியில். அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும். இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 8 டிகிரி அளவுக்கு இறங்கும். பள்ளமான இடங்களில் உறைபனி விழும். விடிந்து வெயில் ஏறியதும் மறுபடி இதமாகிவிடும். 1916-ல் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் சிம்லா மலைகளில் உள்ள கோட்கரில் டெலிஷியஸ் நாற்றுகளை நட்டார். இமாச்சலத்தின் ஆப்பிள் வாழ்வு அதன் பிறகுதான் தழைத்தது. அதே நாற்று நம் மலைக்கு வந்திருந்தால் அந்தக் கதையே நடந்திருக்காது.

குளிர் போதாத மரத்தைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுவிடலாம். கிளையின் நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை இருக்கும், அதற்குக் கீழே முழம் முழமாக வெறும் குச்சி. பூ ஒரே சமயத்தில் வராமல் இன்று இரண்டு, பத்து நாள் கழித்து மூன்று என்று இழுத்துக்கொண்டே போகும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் எருவைக் கொட்டுவார்கள். அது உரத்தால் தீரும் குறை அல்ல.

நல்ல வேளையாக, நம் மலைக்கென்றே சோதித்துப் பார்த்த ரகங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பார்லின்ஸ் பியூட்டி என்ற ரகத்தை கே.கே.எல். 1 என்ற பெயரில் வெளியிட்டிருக்கிறது. உன் தோட்டத்தின் முதல் மரம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். முன்பருவத்தில் பழுக்கும் ஐரிஷ் பீச், இடைப்பருவத்துக் காரிங்டன், வின்டர் ஸ்டைன், பின்பருவத்து ரோம் பியூட்டி ஆகியவற்றையும் பல்கலைக்கழகம் மலைப்பகுதிக்குப் பரிந்துரைக்கிறது. இவற்றில் எதுவும் கடையில் பார்க்கும் பளபளப்போடு இருக்காது. ஆனால் மரத்திலேயே பழுத்து, பறித்த கையோடு கடித்துத் தின்னும் ருசியை எந்தக் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வரும் பழமும் தராது.

மதுரையில் இருக்கும் உன் தோழியும் மொட்டை மாடித் தொட்டியில் ஆப்பிள் வைக்கக் கேட்கிறாள் என்றாயே, அவளுக்கும் ஒரு வார்த்தை. குறைந்த குளிரே போதுமான ரகங்கள் உலகில் உண்டு. இஸ்ரேலில் உருவான அன்னா, பஹாமாஸ் தீவில் கண்டெடுத்த டார்செட் கோல்டன், இமாச்சலத்தின் பிலாஸ்பூர் மாவட்ட விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய எச்.ஆர்.எம்.என். 99 ஆகியவை பெயர் பெற்றவை. சர்மாவுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. ஆனால் மதுரையில் எந்த மார்கழியிலும் ஒரு மணி நேரம்கூட வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போவதில்லை. ஆசைக்கு ஒரு செடி வைத்துப் பார்க்கலாம். பழத்துக்காக வைப்பதென்றால் கொய்யாவும் சப்போட்டாவும் அவளைக் கைவிடாது.

அடுத்தது துணை மரம். பெரும்பாலான ஆப்பிள் ரகங்கள் தம் மகரந்தத்தால் தாமே காய் பிடிப்பதில்லை. வேறொரு ரகத்தின் மகரந்தம் தேனீ வழியாக வந்து சேர வேண்டும். வேறொரு மரம் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதே. ஒட்டுக்கட்டி உண்டாக்கிய கே.கே.எல். 1 மரங்கள் பத்து வைத்தாலும், பத்தும் ஒரே தாய் மரத்தின் கிளைகள்தான். மகரந்தக் கணக்கில் அவை ஒரே மரம். ஆகவே குறைந்தது இரண்டு ரகம் வேண்டும், இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கவும் வேண்டும். முன்பருவம், பின்பருவம் என்று சொல்வது பழம் பழுக்கும் காலத்தைத்தான். பூக்கும் காலத்தை அதை வைத்து முடிவு செய்யாதே. உன் தெருவில் எந்தெந்த ரகம் சேர்ந்து பூக்கிறது என்று கேட்டுப் பார்.

இது சரியாக நடந்ததா என்பதை நீயே சோதித்துப் பார்க்கலாம். ஆப்பிள் பூ கொத்தாக வரும். கொத்தின் நடுப்பூ முதலில் விரியும், சுற்றியுள்ளவை பின்தொடரும். ஒவ்வொரு பூவிலும் ஐந்து சூல்முடிகள் இருக்கும். பின்னால் பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஐந்து அறைகள் தெரியும், அறைக்கு வழக்கமாக இரண்டு விதை. ஐந்து அறையிலும் விதை திரண்டிருந்தால் மகரந்தம் நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். ஒரு பக்கம் சப்பையாகக் கோணிய பழத்தை வெட்டினால், அந்தப் பக்கத்து அறையில் பெரும்பாலும் விதை இருக்காது, அல்லது பதராக இருக்கும். விதை இல்லாத பக்கம் சதை வளர்வதில்லை. அப்படிப்பட்ட பழங்கள் மிகுந்தால் உனக்கு இன்னொரு ரகம் தேவை. எப்படியும், பூத்திருக்கும் நாட்களில் எந்தப் பூச்சிமருந்தும் அடிக்காதே; முதலில் சாவது தேனீதான்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத பாதி மரம், அதாவது வேர். ஆப்பிள் விதையைப் போட்டால் தாய் மரத்தின் பழம் வராது. அதனால்தான் எல்லா ரகத்தையும் வேறொரு வேர்ச்செடியின் மேல் ஒட்டுக்கட்டுகிறார்கள். மரம் எவ்வளவு உயரம் போகும், எத்தனை ஆண்டில் காய்க்கும் என்பதில் பெரும்பங்கு வேர்ச்செடிக்குத்தான். நாற்றுப்பண்ணையில் ரகத்தின் பெயரைக் கேட்பவர்கள் வேர்ச்செடியின் பெயரைக் கேட்பதில்லை. நீ கேள்.

இங்கிலாந்தில் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்தவை எம். வரிசை. எம். 9 வேரில் மரம் மூன்று மீட்டரைத் தாண்டாது, சீக்கிரம் காய்க்கும். ஆனால் வேர் பலமற்றது, வாழ்நாள் முழுவதும் முட்டுக்கம்பு வேண்டும். மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் நிலையத்தோடு சேர்ந்து உருவாக்கியவை எம்.எம். வரிசை. இவற்றின் சிறப்பு, கம்பளி அசுவினியைத் தாங்கும் குணம். வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோலக் கிளையிலும் வேரிலும் அடைந்து சாறு உறிஞ்சும் பூச்சி அது. நம் மலைகளில் ஆப்பிளுக்குப் பழைய எதிரி. எம்.எம். 106 நான்கைந்து மீட்டர் மரம் தரும். ஆனால் தண்ணீர் தேங்கினால் தண்டின் அடி அழுகும். எம்.எம். 111 இன்னும் சற்றே பெரிய மரம், வறட்சியையும் தாங்கும். உன் நிலம் சரிவாக இருப்பதால் மழை வந்தால் ஓடிவிடும், கோடையில் சீக்கிரம் காயும், கிடைத்தால் எம்.எம். 111 எடு. நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே ஒரு சாணாவது நிற்க வேண்டும். அதை மண்ணில் மூடினால் மேல்செடியே வேர்விட்டு, வேர்ச்செடியின் பலன் போய்விடும்.

நான்காவது மழை. ஆப்பிளின் பெரிய நோயான சொறி, இலை பல மணி நேரம் ஈரமாகவே இருந்தால்தான் பரவும். மேகம் இறங்கி நாள் முழுக்க நனைந்து கிடக்கும் இடத்தில் மரத்தை வைக்காதே. காலை வெயில் விழும் பக்கமாக வை. முன்பருவ ரகங்கள் பெருமழைக்கு முன் பெரும்பகுதி பறிபட்டுவிடும், ஆனால் பறித்த பழம் அதிக நாள் தாங்காது. பின்பருவ ரகங்கள் மழையில் நனைந்தாலும் பழம் வைத்துத் தின்னத் தாங்கும். வீட்டுக்கு வெவ்வேறு பருவத்து ரகங்கள் கலந்து இருப்பதே நல்லது. எல்லாப் பழமும் ஒரே வாரத்தில் பழுத்தால் யார் தின்பது?

கவாத்து பற்றிப் பிறகு விரிவாக எழுதுகிறேன். ரகத்தோடு தொடர்புள்ள ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ரகங்கள் பழைய கிளையில் முளைக்கும் குட்டையான முண்டுகளில் காய்க்கும். ஐரிஷ் பீச் அப்படியல்ல, குச்சியின் நுனியில் காய்க்கும். ஊரில் எல்லோரும் செய்வதைப் பார்த்து அதன் நுனிகளையெல்லாம் வெட்டினால், அந்த ஆண்டுப் பழத்தையும் சேர்த்து வெட்டியதாகிவிடும்.

சரி, உன் மூன்று சென்ட்டுக்கு என் முடிவு இது. மரத்துக்கு மரம் நான்கு மீட்டர் விட வேண்டும். காய்கறிக்கும் நடமாட்டத்துக்கும் இடம் ஒதுக்கினால் மூன்று மரம் வசதியாக நிற்கும். கே.கே.எல். 1 ஒன்று, ஐரிஷ் பீச் ஒன்று, வின்டர் ஸ்டைன், காரிங்டன் இரண்டில் இவற்றோடு சேர்ந்து பூப்பது எதுவோ அதில் ஒன்று. டெலிஷியஸ் என்று சொல்லி யார் கொடுத்தாலும், இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. குளிர் விலகிப் பூ வரும் காலத்தில் உன் சுற்றுவட்டாரத்தில் பழைய ஆப்பிள் மரம் வைத்திருக்கும் வீடுகளுக்குப் போ. எந்த மரம் கிளை நிறையப் பூத்திருக்கிறது, எது வெறும் குச்சியாக நிற்கிறது என்று பார், வைத்தவர்களிடம் பேசு, ஆராய்ச்சி நிலையத்திலும் விசாரி. இது என்ன மரம் என்று பெயர் தெரியாமலே ஆண்டுதோறும் காய்க்கும் பழைய மரம் ஏதாவது கண்ணில் பட்டால், ஒட்டுக்குச்சிக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டுவை; மரம் உறங்கும் குளிர்காலத்தில் எடுத்துக்கொள்ளலாம். அங்கேயே நின்று பல குளிர்காலத்தைத் தாண்டிய மரத்தைவிட நம்பகமான சிபாரிசு வேறு கிடையாது. அவசரப்பட்டு இந்த வாரமே வாங்கிவிடாதே, மகளே. ஆப்பிள் மரம் உன் பிள்ளைகள் காலத்திலும் நிற்கப்போவது; அதைத் தேர்ந்தெடுக்க ஒரு பருவம் காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அன்புடன்,
உன் பெரியப்பா